ஈறு பார்த்த கட்டைவிரல்

சிவசைலம் டாக்டர் போய்விட்டார் என்று குதிரைவண்டிக்காரர் வந்து சொன்னபோது நான் ஒரு நாயின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டை முடித்தேன். கையைக் கழுவினேன். பிறகுதான் "எந்த டாக்டர்?" என்று கேட்டேன். எங்கள் மாட்டாஸ்பத்திரிக்கு இருந்ததே ஒரு டாக்டர்தான். பதினாறு நாள் ஆகிறது, அழுகை இன்னும் வரவில்லை. நான் அங்கே காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாயையோ பூனையையோ அவரிடம் தூக்கி வந்தவர்களுக்கு இது தெரியும். காலையில் வந்ததும் நாற்காலியில் உட்கார மாட்டார். வரிசையில் ஒன்றொன்றாய் மூச்சைப் பார்ப்பார், உதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் "ஒண்ணு, ரெண்டு" என்பதற்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது, அதுதான் முதலில் உள்ளே. பங்களா நாயானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

"என்ன டாக்டரய்யா, பொண்ணு பாக்குத மாதிரி பல்லைப் பாக்கீய?" என்பேன்.

"ஒங்க பல்லையும் காட்டுங்க அண்ணாச்சி, எத்தன மிச்சம்னு எண்ணுதேன்" என்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

ஒரு சாரல் காலம். டாக்டர் பசு ஒன்றுக்குப் பிரசவம் பார்க்கப் பின்பக்கம் போயிருந்தார். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வக்கீல் வீட்டு நாய், காது கிழிந்து, மேலகரம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. அப்போது குத்துக்கல்வலசையிலிருந்து ஓர் அம்மா எலுமிச்சங்கூடையில் பூனையைக் கொண்டுவந்தார். வண்டிச் சக்கரம் தட்டியதாம். காயமே தெரியவில்லை.

"நல்லாத் தூங்குதும்மா ஒங்க பூனை. கடைசியில அங்கன வைங்க" என்றேன்.

காதைக் கட்டி முடிக்கவும் டாக்டர் வந்தார். கூடைப் பக்கம் குத்தவைத்து உதட்டைத் தூக்கினார். ஈறு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவர் கையிலேயே பூனையின் மூச்சு அடங்கிவிட்டது. "வழியெல்லாம் கத்தவே இல்லையே" என்றார் அந்த அம்மா.

டாக்டர் என்னிடம், "கத்துததுக்குக் கத்துத தெம்பு இருக்கு அண்ணாச்சி. சும்மா கெடக்குததைத்தான் மொதல்ல தொடணும்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அன்றிலிருந்து வரிசை பார்க்கிற வேலை எனக்கும் வந்தது.

டாக்டர் தவறிப்போன அன்று காலையில் அவர் தன் அறைக்குள் போகவில்லை. வெளியே பெஞ்சில், வரிசையின் கடைசியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல குளிர்காற்று, அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நான் ஏழு நாய், இரண்டு பூனை, ஒன்று விடாமல் ஈறை அழுத்திக்கொண்டே அவரிடம் வந்தேன்.

"என்ன டாக்டரய்யா, வரிசையில உக்காந்துட்டீய. சீட்டு எழுதட்டா?"

"எழுதுங்க அண்ணாச்சி" என்றார். சிரித்தார், சத்தம் வரவில்லை.

முன்னால் ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டு கத்தியது. அதைப் பார்க்கப் போனேன். நிமிர்ந்தபோது பெஞ்சு காலி. வண்டி பிடித்து வீட்டுக்குப் போனாராம். அந்த நாய்க்குக் கட்டை முடிப்பதற்குள் அதே வண்டிக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

மாரடைப்பு, நீ பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நான் தொடவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கட்டைவிரல் பழக்கம் ஒன்றுதான். இப்போது வரிசையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறேன், பெஞ்சில் இருக்கிற மனிதர்களையும் சேர்த்து. முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கேலி.