அக்காவுக்கு நான் கேட்டுக் கொடுக்காத மண்டபம்

எங்கள் அக்கா கரவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். மணமாகி ஜேர்மனியில் சில காலம் வாழ்ந்து, பின்னர் லண்டன் நோர்பரியில் குடியேறினார். அத்தான் இளவயதில் காலமானதும் மகளைத் தனியாளாக வளர்த்தார். அலுவலகங்களைத் துப்புரவு செய்தே வளர்த்தார். உறவினர்களிடம் நான் அக்காவுக்கு ஒஃபிஸ் வேலை என்று சொல்லித் திரிந்தேன். அக்காவின் மரண அறிவித்தலிலும் அப்படித்தான் எழுதினேன். இன்று அதைத் திருத்துகிறேன்.

அக்காவோடு வேலை செய்தவர்கள் கொலம்பியா, பொலிவியா நாட்டுப் பெண்கள். அவர்களில், சொந்த ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மரிசோல் இங்கே தரை துடைக்க மொப் பிடித்தார். சமையல் வேலைக்குப் போக உணவுச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். கவுன்சில் வகுப்போ ஆங்கிலத்தில், அதுவும் ஷிப்ட் நேரத்தில். அவர்களிடமே ஸ்பானிய மொழி பழகியிருந்த அக்கா, அந்த மொழியிலேயே, காலை ஷிப்ட் முடிந்த கையோடு, பிள்ளைகளையும் கூட்டிவரக்கூடிய வகுப்பு ஒன்றைத் தொடங்க நினைத்தார். அவர்கள் நாட்டு ஆசிரியை ஒருவரும் முன்வந்தார். சமையலறைதான் இல்லை. எங்கள் தமிழ்ச் சங்க மண்டபச் சமையலறை கிழமை நாட்களில் சும்மா கிடந்தது. சங்கச் செயலாளர் நான்.

"மாட்டிறைச்சி சமைச்சுப்போடுவினம் அக்கா, கமிட்டி விடாது" என்றேன்.

"சைவம்தான் சமைப்பினம், நான் பொறுப்பு. நீ ஒருக்காக் கேட்டுப் பார் தம்பி" என்றார்.

"கேட்டேன், ஏலாதாம்" என்று அடுத்த கிழமை சொன்னேன். உண்மையில் கமிட்டியில் நான் வாயே திறக்கவில்லை. துப்புரவு வேலை செய்யும் பெண்கள் அக்காவோடு மண்டபத்துக்கு வந்து போனால் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம். பெரிய மானஸ்தன்.

அக்கா கோபிக்கவில்லை. தன் வீட்டுச் சமையலறையில் மூன்று மூன்று பேராக வைத்து வகுப்பை நடத்துவித்தார். இடம் போதாமல் பலர் காத்திருந்து விட்டுப் போனார்கள். மரிசோல் தேறி, இன்று டூட்டிங்கில் சொந்தக் கடை நடத்துகிறார். அக்கா நோயில் கிடந்த மாதங்களில் முறை வைத்து வந்து பார்த்தவர்களும் இந்தப் பெண்களே. நான் ஞாயிறுகளில் எட்டிப் பார்த்தேன்.

செத்தவீட்டன்று மரிசோல் என் இரு கைகளையும் பிடித்து, மண்டபத்துக்காக நான் எவ்வளவோ மன்றாடியதாக அக்கா சொல்லியிருந்தார் என்று நன்றி சொன்னார். நான் தலையாட்டி அதையும் வாங்கிக்கொண்டேன். அதை நினைக்க இப்போதும் கூசுகிறது.

மருத்துவர்கள், தாதியர், அயலவர்கள், அக்காவின் முப்பத்தோராம் நாளாகிய இன்று வந்திருக்கும் உறவுகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. கீழ்வரும் வரிகளை மட்டும் என் மருமகளான அக்காவின் மகள் ஸ்பானிய மொழியிலும் சேர்த்திருக்கிறாள்.

மரிசோல், உங்கள் நன்றி எனக்குரியதல்ல. மண்டபத்துக்காக நான் யாரிடமும் கேட்கவில்லை. அக்கா என்னை நம்பித்தான் உங்களிடம் அப்படிச் சொன்னார்.

தம்பி