இரண்டு கதவுகளையும் விட்டுவைத்தவர்

சிவபாலன் அண்ணை காலமான செய்தியை அவருடைய மனைவி லண்டன் ஹரோவிலிருந்து தொலைபேசியில் சொன்னார். "அண்ணை போயிட்டார், தம்பி." அழுதேன். ஆனால் அவரைத் தெரிந்த உங்களிடம் மறைப்பானேன்? எண்பதுகளிலிருந்து ஒரே அலுவலகத்தில், பக்கத்து மேசையில் கட்டடப் படம் கீறிய அந்த மனிதரைப் பார்த்து எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்தான்.

அயர்லாந்தில் நாங்கள் படம் கீறிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதலாளி அயர்லாந்துக்காரர். பண்ணைக் கூலியாட்களுக்கென்று அந்தக் காலத்தில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த சிறிய கல்வீடொன்றில் அவருடைய தாய் தனியாக இருந்தார். சுண்ணாம்பு அடித்த தடித்த சுவர், நடுவில் கணப்படுப்பு, இரு பக்கமும் அறைகள், நேருக்கு நேராக முன்கதவும் பின்கதவும். வீட்டைப் பெரிதாக்க எங்கள் இருவரையும் அனுப்பினார். யாருடைய படம் பிடிக்கிறதோ அவரே தலைமைப் படவரைஞர். அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது.

மழையில் நனைந்து நான் சுவர் சுவராக அளந்தேன். அண்ணையோ அடுப்படியில் அமர்ந்து, கிழவி சுட்ட பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால், "நீர் அளவும் தம்பி, நான் ஆச்சியோட கதைச்சிட்டு வாறன்" என்றார். அளந்து முடித்துப் பின்கதவால் வெளியே வந்தேன். கிழவி சத்தம் போட்டார். முன்கதவால் வந்தவர் முன்கதவால்தான் போகவேண்டுமாம்; இல்லாவிட்டால் வீட்டின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணை சிரிக்கவில்லை. "உள்ளுக்கு வந்து முன்னால போம். பூனை குறுக்க போனா நாங்கள் நிண்டு போறேல்லையோ?" என்றார்.

லண்டனுக்குத் திரும்பி, முன்கதவை அடைத்து, பின்பக்கம் கண்ணாடி வாசல் வைத்துக் கீறினேன். அழகான படம், இன்றும் சொல்வேன். அண்ணை என் அளவுகளையே வாங்கி, இரண்டு கதவுகளையும் இருந்த இடத்தில் விட்டுவிட்டு, புதிய அறையைப் பக்கவாட்டில் சேர்த்தார். முதலாளி அதைப் பார்த்துக் கண் கலங்கினார். பதவி அண்ணைக்குப் போயிற்று. "ஆச்சியின்ர வீட்டில நாங்கள் விருந்தாளிகள்தானே, தம்பி" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். பதவி கிடைத்தும் மேசையை மாற்றவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்.

அதன்பிறகு அவரை வெல்லவென்றே கீறினேன். வால்தம்ஸ்டோவில் கடையோ விம்பிள்டனில் வீடோ, எதுவானாலும் பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பேன். அவருடையது நன்றாக இருக்கும். என்னுடையதைக் கிழித்துவிட்டு மறுபடி கீறுவேன். நான் செய்த நல்ல வேலையெல்லாம் அந்தப் பொறாமையில் பிறந்ததுதான். அவர் எனக்கென்று விட்டுப்போனதும் அதுதான். பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன்.

நேற்று ஒரு படத்தை முடித்தேன். எட்டிப் பார்க்கப் பக்கத்து மேசையில் யாரும் இல்லை. முதல் தடவை கீறியதே போதும் என்று விட்டுவிட்டேன்.