அல்பொன்சா கையை உயர்த்தினால்

எனக்கு முன்கோபம் என்று கண்டக்குழியில் எல்லாருக்கும் தெரியும். அந்த முன்கோபத்தால் என் வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அல்பொன்சாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு மச்சாள் ஆனாள். அண்ணனைக் கடல் கொண்டுபோய் ஒன்பது வருடமாகிறது. அறுபது வயதிலும் அவள் சும்மா இருந்த ஆள் இல்லை. பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புத் தோய்க்கிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பது விரிப்பு! தோய்த்து, உயரக் கொடியில் எட்டி எட்டிப் போட்டு, கிளிப் குத்தி, இடையில் பாட்டும் படிப்பாள். அந்தக் குரலுக்காகவே பக்கத்து ஊரான எத்தாளையில் நடக்கிற செபக் கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்துவார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால்தான் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. விரிப்புப் போடும்போது முட்டும். நிமிர்ந்து படுத்தால் முட்டும். சவர்க்காரத் தூள் ஒத்துவரவில்லை என்றார் ஒரு டொக்டர். வாயு என்றார் இன்னொருவர். தொய்வு என்று சொல்லி வாய்க்குள் அடிக்கிற பம்ப் கொடுத்தார் மூன்றாமவர். அடித்து அடித்து வாய் புண்ணானதுதான் மிச்சம். ஈசிஜி எடுத்தோம், இருதயம் நல்லது. எக்ஸ்ரே எடுத்தோம், நுரையீரல் துப்பரவு. கடைசியாகப் பார்த்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "வயசு போனா யோசனை கூடும் அம்மா" என்று நித்திரைக் குளிசை எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மருந்துத் துண்டை அவர் மேசையிலேயே கிழித்துப் போட்டிருப்பேன். அல்பொன்சா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆனால் அத்தனை டொக்டர்மாரில் ஒருவரிடமும் நாங்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது.

செபக் கூட்டத்தில் துதி ஏற ஏற எல்லாரும் இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்திப் பாடுவோம். அல்பொன்சா உயர்த்தினால் ஒரு நிமிடம் தாங்காது, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும். கண் பிதுங்கும். தொண்டைக்குள் இருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். கையை இறக்கி நிலத்தில் குந்தினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். முதல் தரம் வெயில் என்றோம். மூன்றாம் தரம் ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம். ஆண்டவரைத் துதிக்கிறபோது பார்த்து இவள் கழுத்தை நெரிப்பது யார்? கூட்டத்தை நடத்துகிற சந்தியாகு அண்ணன் குரலைத் தணித்துச் சொன்னார்: "இவவுக்குள்ள வேற ஏதோ நிக்குது."

நானும் நம்பினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்பினேன். இதைக் கொண்டுபோய் டொக்டரிடம் சொல்வதா? சிரிக்கமாட்டார்களா?

அல்பொன்சா பேயை நம்பவில்லை. அவள் நம்பியது அதைவிட மோசம். ஒருநாள் கொடிக்குக் கீழே, ஈர விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உன்ர அண்ணனைக் கரைக்குக் கொண்டுவந்த அண்டைக்கு நான் கடவுளிட்டச் சொன்னனடி, இனிச் செத்தாலும் உன்னைப் பாத்துக் கை உயர்த்த மாட்டன் எண்டு. அஞ்சு வருசமாப் பாடினன், உயர்த்தேல்லை. மனம் ஆறித் திரும்ப உயர்த்தினா, பார், மூச்சைப் பிடிக்கிறார்."

"எடி விசரி!"

"அவருக்கு என்ர கை வேணாமடி."

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. விரிப்பு வேலையையும் விட்டாள். படுக்க ஏலாமல் கதிரையில் சாய்ந்தபடியே நித்திரை கொண்டாள். என் கண்ணுக்கு முன்னால் அவள் கரைந்துகொண்டே போனாள், எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

போன ஆவணியில் சந்தியாகு அண்ணன் நாள் குறித்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, அவளுக்குள் நிற்பதை விரட்ட விடுதலைச் செபம். காலையில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வரவேண்டும். அன்று காலையில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் கிளினிக்கும்!

"கிளினிக் வேணாம், இண்டைக்கு உபவாசம்" என்றாள்.

"மூண்டு மாசமா இந்தத் திகதிக்குக் காத்துக் கிடந்தது நான்! எழும்படி!"

உலர்ந்த வாயோடு பஸ்ஸில் வந்தாள். கிளினிக்கில் புதிதாக ஒரு டொக்டர் இருந்தாள், ஷிம்லா என்று பெயர், புத்தளத்துப் பிள்ளை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்துக் கதைத்தாள்.

"எதைச் செஞ்சா மூச்சு முட்டுறது கூடுது அம்மா?"

அல்பொன்சா நிலத்தைப் பார்த்தாள். டொக்டர் திரும்பவும் கேட்டாள். இவள் விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"இவ கடவுளைக் கும்பிட்டா மூச்சு நிக்குது டொக்டர்! இதுக்கு மருந்து இருந்தாத் தாங்க, இல்லாட்டி விடுங்க, நாங்க போறம்!"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை, பேனையைக் கீழே வைத்தாள்.

"எப்படிக் கும்பிடுவீங்க? செஞ்சு காட்டுங்க."

அல்பொன்சா என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"அப்படியே வெச்சிருங்க. நான் சொல்லாம இறக்க வேணாம்."

சுவர் மணிக்கூட்டில் முள் ஓடியது. இருபது செக்கன். நாற்பது. முகம் நிறம் மாறியது, கழுத்து நரம்புகள் விரல் மொத்தத்துக்கு எழும்பின, அந்தக் கீச்சுச் சத்தமும் வந்துவிட்டது. "போதும், இறக்குங்க!" என்று கத்தி டொக்டரே அவள் கைகளைப் பிடித்து இறக்கினாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? என் பையில் இருந்த பழைய எக்ஸ்ரேயைப் பிடுங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், மேல் பக்கத்தில் விரலை வைத்தாள், அப்படியே "சேர்! சேர், ஓடி வாங்க!" என்று விறாந்தையில் பறந்தாள். ஒரு செருப்பு கழன்று என் காலடியில் கிடந்தது.

பெரிய டொக்டர் வந்தார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். நாலு வருடமாக எல்லாரும் நுரையீரலையே பார்த்த அதே படம்தான். மேலே மூச்சுக்குழாய் ஒரு பக்கம் வளைந்து கிடந்தது. தைரொயிட் சுரப்பி வீங்கி, கழுத்தில் வெளியே தெரியாமல் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி, குழாயை நசுக்கிக்கொண்டிருந்ததாம். கையை உயர்த்தினால் அந்த வழி ஒடுங்கும், போத்தல் வாயில் தக்கை இறுகுகிற மாதிரிக் கட்டி இறுகிவிடும் என்று ஷிம்லா தன் தண்ணீர்ப் போத்தலை வைத்தே விளங்கப்படுத்தினாள்.

அல்பொன்சா கேட்டாள்: "கொடிக்கு உயர்த்தினாலும் இப்படித்தானா மகள்? கடவுளுக்கு உயர்த்தினா மட்டும் இல்லையா?"

"எதுக்கு உயர்த்தினாலும்தான் அம்மா. கட்டிக்கு அது எங்க தெரியும்?"

அல்பொன்சா கதிரையை விட்டு எழும்பினாள். "வருத்தமடி! வெறும் உடம்பு வருத்தமடி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சிரித்தாள், அழுதாள், டொக்டரின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

டொக்டர் பயந்துபோனாள். "அம்மா, இது பெரிய ஒப்பரேஷன். கழுத்தை வெட்டணும். நெஞ்செலும்பையும் திறக்க வேண்டி வரலாம். குரல் போனாலும் போகும்."

"வெட்டுங்க மகள்! எங்க வேணுமெண்டாலும் வெட்டுங்க!"

டொக்டரின் போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். கன்ரீனில் மீன் வைத்த மாலுபாண் இரண்டு தின்றாள். பின்னேரம் ஐந்து மணிச் செபத்துக்கு நான் மட்டும் எத்தாளைக்குப் போனேன். அங்கே சந்தியாகு அண்ணனைப் பார்த்து என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது.

ஆறு கிழமைக்குப் பிறகு கொழும்பில் ஒப்பரேஷன். மாங்காய் அளவு கட்டி. புற்றுநோய் இல்லை என்றார்கள். அடுத்த நாள் வாட்டுக்குள் போனால், அல்பொன்சா ஒரே ஒரு தலையணையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறாள்! நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஒரு சத்தமும் இல்லை. நான் பெரிதாக அழுதுவிட்டேன், நர்ஸ் வந்து ஏசினாள்.

அல்பொன்சா விரலால் கூப்பிட்டாள். குனிந்து காதைக் கொடுத்தேன். குரல் கரகரவென்று பாதிதான் வந்தது.

"அவருக்கு என்னில கோவம் இல்லையடி."

"இல்லையடி. கதைக்காத, தொண்டை நோகும்."

அவள் விடவில்லை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் அவரில கோவம். உன்ர அண்ணனைக் கொண்டுபோனதுக்கு. அது இன்னும் இருக்கு."

"இருக்கட்டும்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.