பன்னிரண்டு மணி இருமல்

என் வீட்டுக்காரர் மொரப்பூர்ப் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்கு இருபது வருஷம் பாஸ்டராக இருந்தார். நல்ல மனுஷன். ஒரே குறை, பிரசங்கத்தை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும், "இந்தப் பகுதியிலே மூன்று காரியங்களைத் தியானிப்போம்" என்று தொடங்குவார். இரண்டாவதிலேயே மணி பன்னிரண்டாகிவிடும். பன்னிரண்டேகாலுக்குக் கம்பைநல்லூர் பஸ். சபையில் பாதிப் பேர் அதில்தான் போயாக வேண்டும். அதனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நான் சரியாகப் பன்னிரண்டுக்கு ஒரு இருமல் இருமுவேன். "மூன்றாவது காரியத்தைக் கர்த்தருக்குச் சித்தமானால் பிறகு பார்ப்போம். எல்லாரும் எழுந்து நிற்போம்" என்பார். அந்தப் "பிறகு" ஒரு நாளும் வந்ததில்லை.

கடைசியாக அவர் பேசியது, பைபிளில் ஜனங்களை வனாந்தரத்தில் நடத்தி வந்த தலைவர் இறந்து, இன்னொருவர் பொறுப்பேற்ற பகுதி. அன்றைக்கும் இருமினேன். அந்தப் புதன்கிழமையே மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது. அந்த மூன்றாவது காரியம் என்ன? சாகப்போகிற மனுஷனின் கடைசி வார்த்தையை ஒரு பஸ்ஸுக்காக மறித்த பாவி ஆகிவிட்டேன். ஆண்டவரிடம் கேட்டேன், சண்டையும் போட்டேன். அவர் வழக்கம்போலப் பொறுமையாக இருந்தார். இனி ஜென்மத்துக்கும் சர்ச்சில் இருமுவதில்லை என்று பொருத்தனை பண்ணிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டேன். முடிவு ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்தாலும் நான் உட்கார்ந்தே இருந்தேன். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் புதுப் பாஸ்டர் வந்தார். தூத்துக்குடிப் பக்கம், சின்ன வயசு, தங்கமான பிள்ளை. ஆனால் அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் எவ்வளவு சுருக்கமாகப் பேசியிருக்கிறார் என்று சபைக்கே தெரிந்தது. ஒரு பிரசங்கத்தில் "கடைசியாக" என்று ஐந்து தடவை சொல்வார். பன்னிரண்டானதும் மொத்தச் சபையும் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கும். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும்.

சபை மூப்பர், தக்காளி விவசாயம் பண்ணுகிறவர், என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாஸ்டரம்மா, ஒரே ஒருக்கா இருமுங்க. பன்னண்டேகாலை வுட்டா அடுத்த பஸ்ஸு மூணு மணிக்குத்தானுங்க."

"இருமல் வரலைங்க."

"முந்தி மட்டும் வந்தா இருமுனீங்க?"

காபி கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அவரே துணிந்து இருமினார். புதுப் பாஸ்டர் உடனே பேச்சை நிறுத்தினார். மூப்பர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. "வியாதியோடு வந்திருக்கிற நம்முடைய சகோதரனுக்காக ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிய பாஸ்டர், பத்து நிமிஷம் சளி, மூச்சிரைப்பு, நுரையீரல் என்று ஒன்றையும் விடவில்லை. அப்புறம் விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு நிஜமாகவே சளி பிடித்தவர்கள்கூட இருமப் பயந்தார்கள்.

இப்படியே இன்னும் மூன்று மாதம் போனது. ஒரு சனிக்கிழமை காலையில் புதுப் பாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ரப்பர் பேண்ட் போட்ட தினக்காலண்டர் தாள்கள். கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் பிரசங்கக் குறிப்பு எழுதுவார், யாரையும் பார்க்க விடமாட்டார். பிரசங்க மேடையின் உள்தட்டில் கிடந்ததாம்.

"அய்யாவுக்கு ரொம்ப நாளா இருமல் தொந்தரவு உண்டோம்மா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே இருந்த தாளை எடுத்தேன். அந்தக் கடைசி ஞாயிறுக்கு எழுதியது.

ஒன்று: முப்பது நாள் அழுதார்கள்.
இரண்டு: எழுந்து ஆற்றைக் கடந்தார்கள்.
மூன்று: இருமல். ஜெபம்.

அடுத்த தாளைப் பார்த்தேன். மூன்று: இருமல். அதற்கடுத்ததும் அப்படியே. கட்டு முழுக்கத் தேடியும், அந்த மனுஷனிடம் மூன்றாவது காரியம் என்று ஒன்று இருந்ததே இல்லை!

"அடப் படுபாவி மனுஷா!" என்று பாஸ்டர் எதிரிலேயே கத்திவிட்டேன். சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. நான் அவரை மறிக்கவே இல்லை. வாரா வாரம் என்னை நம்பித்தான் மேடை ஏறியிருக்கிறார். முப்பது நாள் அழ வேண்டியதை நான்தான் ஐந்து மாதமாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்டர் பயந்துபோய், "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்றார்.

"பண்ணுங்க. சுருக்கமாப் பண்ணுங்க."

அப்புறம் முழுக் கதையையும் அவரிடம் சொன்னேன். "அப்ப அன்னைக்கு மூப்பர் இருமினது..." என்று இழுத்தார். அவர் காது சிவந்துவிட்டது.

அன்றைக்கே என் பொருத்தனையை ஆண்டவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மணி பன்னிரண்டு. பாஸ்டர் இரண்டாவது "கடைசியாக"வில் இருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு இருமல் இருமினேன். ஐந்து மாதம் ஓய்வில் இருந்த தொண்டை, வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். மூப்பர் அதற்குள் பையைக் கையில் எடுத்துவிட்டார். பாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், குறிப்புத் தாளை மடித்தார்.

"எல்லாரும் எழுந்து நிற்போம்" என்றார்.

நானும் எழுந்தேன்.