ககேருவும் அம்மாவும்

குன்னூரில் ஜப்பானிய வகுப்புக்குப் போன நாட்களில் என்னை அதிகம் படுத்தியது 'ககேரு' என்ற வினைச்சொல்தான். சட்டையை ஆணியில் மாட்டினாலும் ககேரு, கதவைப் பூட்டினாலும் ககேரு. மூக்குக்கண்ணாடி போட்டாலும், சோற்றில் குழம்பு ஊற்றினாலும், நாற்காலியில் உட்கார்ந்தாலும், போன் செய்தாலும் அதேதான். அடுத்தவரைக் கவலைப்பட வைப்பதற்கும் அதுவேயாம். இந்த ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்துவார்கள் போலிருக்கிறது என்று எரிச்சலாக வரும்.

அம்மா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். நான் சத்தமாகப் படிப்பதைக் கேட்டுவிட்டு, "நம்ம 'போடு' மாதிரிதான கண்ணு? டீ போடு, சட்டை போடு, சண்டை போடு, லீவு போடு. இதுக்கா மண்டைய உடைச்சுக்கற?" என்றாள். அதன்பிறகு அது எனக்கு மறக்கவேயில்லை. தேர்வில் தேறி, ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பாட்டிமார்களுக்குப் போர்வை போர்த்துவதும் ககேருதான் என்று அங்கே தெரிந்துகொண்டேன்.

எஸ்டேட் ஆட்களுக்கான எங்கள் லைன் வீடுகளில் சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் தேயிலைக் காட்டுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டி வரை ஏற வேண்டும். எனக்கு இரவு வேலை முடியும்போது ஊரில் மாலை ஐந்தரை. தினமும் அந்த நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டவள் நான்தான்.

"உடம்பு எப்படிம்மா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீ சாப்பிட்டயா?"

அதோடு என் விசாரிப்பு முடிந்துவிடும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பதினோரு முறை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. 'இனி நானும் கூப்பிட மாட்டேன், போங்க' என்று பேசிப் பதிந்து அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் செய்தி வந்தது. தொட்டிக்கு ஏறும் வழியிலேயே விழுந்து இறந்திருந்தாள். நான் ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நெஞ்சு சரியில்ல, மேடு ஏறக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில அப்பவே சொல்லிட்டாங்க கண்ணு. உங்கம்மா கேக்கல. வேலை விட்டதும் நேரா ஏறிப் போயி, நீ கூப்பிடறதுக்கு முந்தியே உக்காந்துக்கும். ஏனுங்க இத்தன வெரசான்னு கேட்டா, 'மூச்சு வாங்கறது புள்ளைக்குக் கேட்டுரும், அடங்கட்டும்'னு சொல்லும்."

போனில் அம்மாவின் குரல் ஒருநாளும் இரைத்ததில்லை. அந்தக் குரலை நம்பித்தான் மூன்று வருடமாக நான் ஊருக்கே வராமல் இருந்தேன்.