நாலரை தடவை ஓடிய தட்டு

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒவ்வொரு கம்பெனியாகத் தகரக் கூரை போட்டு முளைத்துக்கொண்டிருந்த நேரம். அதில் ஒன்றில் நான் ஃபிட்டர். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான், இசைத்தட்டு வாங்குவது.

சொந்த ஊர் கடம்பத்தூர். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து அரக்கோணம் வண்டியைப் பிடிக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடைக்கும். ஸ்டேஷனை ஒட்டியே மூர் மார்க்கெட். உள்ளே பழைய தட்டுகள் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் என்னைக் கெடுத்தது. மற்றவர்கள் அம்மாவுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் தட்டோடு போய் இறங்குவேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் தோசையாவது வார்க்க முடியுமா என்று கேட்பாள்.

இப்படிச் சேர்ந்து, ஊரிலிருந்து திரும்பும்போது என்னோடு வாடகை அறைக்கு வந்தவை நாற்பத்தொன்று. கம்பெனிக்கு மிஷின் வந்திறங்கிய மரப்பெட்டிப் பலகையில், எங்கள் தச்சர் ஒருவர் அவற்றுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். பெட்டியின் பக்கவாட்டில் உடையும் பொருள் என்று சொல்லும் கண்ணாடிக் கோப்பைப் படம் அப்படியே இருந்தது. அதில் எனக்கு ஏகப் பெருமை. பெட்டியைத் திறந்ததும் அட்டை உறைகளிலிருந்து ஒரு வாசனை வரும். பழைய புத்தகமும் கற்பூரமும் கலந்த மாதிரி. தட்டை வெளியே எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஓரத்தை மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். பாதி நாள் அதோடு சரி. மறுபடி உறைக்குள் போட்டுவிடுவேன்.

காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் தட்டு கொஞ்சம் தேய்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டு. தட்டுக்கு ஒரு பக்கம். ஒரு தடவை ஓட்டினால் ஒரு கோடு. இருபத்தாறாம் நம்பர் தட்டு புல்லாங்குழல். வாங்கி இரண்டு வருஷத்தில் அதற்கு விழுந்த கோடுகள் மூன்று. அவ்வளவு நல்ல தட்டு அது. நல்ல தட்டு என்பதால் கேட்காமலேயே வைத்திருந்தேன். அப்போது எனக்கு இது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

அந்த நேரத்தில் எங்கள் ஃபோர்மேன் வீட்டில் கல்யாணம். நான் வாடகைக்கு இருந்த அறைக்கு எதிரே ஒரு ஏரி. ஏரிக்கு அக்கரையில் அவர் ஊர். அவர் ஏற்பாடு செய்த மைக் செட்காரரிடம் இருந்தவை ஏழெட்டுத் தட்டுகள்தான். அதில் பாதி ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பப் பாடும். ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு, உன் பெட்டியை ஒரு நாள் கொடேன் என்றார். என் லீவு சீட்டில் கையெழுத்துப் போடுகிற கை அது. சிரித்துக்கொண்டே சரி என்றேன். அன்று ராத்திரி நாற்பத்தொரு தட்டையும் இரண்டு தடவை எண்ணி வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மைக் செட்காரர் சைக்கிளில் வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, காதில் ஒரு பீடியைச் செருகிக்கொண்டு நின்றார். பெட்டியைக் கொடுக்கும் முன் நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த விதிமுறைகளைப் படித்துக் காட்டினேன். கை கழுவ வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகாது. புது ஊசி. ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். வெயிலில் வைத்தால் அப்பளமாக வளைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு தடவை ஓட்டியதும் அந்தந்தப் பக்கத்தில் கோடு போட வேண்டும்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொண்ணு குடுக்குற ஊட்ல கூட இம்மாம் கண்டிசன் போட மாட்டாங்க சார்" என்றார். பிறகு நோட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு உண்டு. ஆனால் என் தட்டின்மேல் இன்னொருவர் ஊசி வைப்பதைக் கண்ணால் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. வயிற்றுக்கடுப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏரியைப் பார்த்தபடி அறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கையில் ஒரு காகிதமும் பென்சிலும். அக்கரையில் பனைமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். காற்று என் பக்கம்தான் அடித்தது. எந்தத் தட்டு ஓடுகிறது என்பதைக் காதால் கேட்டே ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு எடுப்பது மாதிரிதான். ஒன்பது வந்தாச்சு. பதினாலு வந்தாச்சு. முப்பதின் இரண்டாவது பக்கம் வந்தாச்சு, கீறல் இல்லை, நிம்மதி.

முகூர்த்தம் முடிந்து, வெயில் ஏறும் நேரத்தில் இருபத்தாறு வந்தது. புல்லாங்குழல் ஏரித் தண்ணீர்மேல் நடந்து வருகிற மாதிரி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். தட்டு முடிந்தது. மறுபடி அதே தட்டு. எனக்குச் சுருக்கென்றது. அதுவும் முடிந்தது. மூன்றாவது தடவை. நான் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு வருஷத்தில் நான் போட்ட மூன்று கோட்டை இந்த மனிதர் ஒரே மூச்சில் போட்டுவிட்டார். பெட்டியில் நாற்பது தட்டு சும்மா கிடக்க, என் ராஜகுமாரியை மட்டும் பிடித்துக்கொண்டு தேய்க்கிறாரே என்று ஏரியைப் பார்த்துத் திட்டினேன். ஒரு கொக்கு பறந்து போனது.

நாலாவது தடவை ஓடும்போது நடுவில் சத்தம் சட்டென்று பாதியாகக் குறைந்தது. ஒரு குழாய் போச்சு என்று நினைத்தேன். ஐந்தாவது தடவை ஆரம்பித்தது. நடுவழியில், ராகம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, அறுத்துவிட்ட மாதிரி நின்றது.

அப்புறம் ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. கல்யாண வீட்டில் குழாய் பாடாமல் இருப்பது உண்டா? என் மண்டைக்குள் படம் ஓட ஆரம்பித்தது. பெட்டிமேல் மாப்பிள்ளையின் மாமா உட்கார்ந்துவிட்டார். ஆடு உறையைத் தின்கிறது. பந்தல் சரிந்து, பனைமரமே தட்டின்மேல் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்கரையில் பந்தலுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பியது. அவ்வளவுதான், தீ என்று முடிவு கட்டிவிட்டேன். முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அடுப்பிலிருந்தும் புகை வரும் என்பது அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை.

கட்டிய லுங்கி, கிழிந்த பனியன். மூலையில் கிடந்த இரும்பு வாளியை எடுத்து சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினேன். தீயை அணைக்க. வாளியில் தண்ணீர் இல்லை. அதைப் பற்றி நான் யோசிக்கவும் இல்லை. ஏரிக்கரை மேட்டில் வாளி டங்கு டங்கென்று அடிக்க, வயிற்றுக்கடுப்புக்காரன் அப்படி மிதிப்பதை அந்த வட்டாரமே பார்த்திருக்கும்.

பந்தலுக்குள் வாளியோடு பாய்ந்து, "எங்க எரியுது?" என்று கத்தினேன்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை. இலையில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. ஃபோர்மேன் கையில் சாம்பார் வாளி. என் கையில் காலி வாளி. அவர் என் லுங்கியைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், கடைசியாக என் வயிற்றைப் பார்த்தார்.

மைக் செட்காரர் எங்கிருந்தோ வந்து என் முழங்கையைப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சார் சேதி கேட்டு, ஒடம்பு முடியாத நெலமைலயும் ஓடியாந்துகீறாரு. குளிப்பாட்ட தண்ணி மொள்ள வாளி கூட எடுத்துக்கினு வந்துகீறாரு பாருங்க" என்றார். ஃபோர்மேன் முகம் இளகிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும்போது காதருகே குனிந்து, "தட்டு அல்லாம் பொட்டிக்குள்ள பத்திரமா கீது. அந்தாண்ட தெருவுல ஒரு பெரியவரு தவறிட்டாரு. வாய மூடிக்கினு நடங்க" என்றார்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஊருக்குள் ஒரு சாவு விழுந்துவிட்டால் குழாயை நிறுத்திவிடுவார்கள். கல்யாண வீடாக இருந்தாலும் சரி. யாரும் வந்து சொல்லக்கூட வேண்டியதில்லை. அழுகைச் சத்தம் கேட்டதும் மைக் செட்காரர் ஊசியைத் தூக்கிவிட்டார். பந்தியில் பேச்சு தானாக அடங்கிவிட்டது. இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் என் மண்டையில் மாமா, ஆடு, பனைமரம் எல்லாம் அடைத்துக்கொண்டிருந்ததால், அதற்கு இடம் இல்லாமல் போயிற்று.

வாளியோடு வந்தவன் வாளியோடு திரும்ப முடியாது. சாவு வீட்டுக்குப் போனேன். சின்னக் கூரை வீடு, வாசலில் வேப்பமரம். கிணறு பின்பக்கம். நான் முகம் தெரியாத ஆள், ஆனால் வாளி எல்லோருக்கும் தெரிந்த பொருள். ஒருவர் நகர்ந்து வழி விட்டார். ஏழெட்டு வாளி இறைத்துக் கொடுத்தேன். கையில் கயிறு அறுத்தது. அதுவரை மனசுக்குள் இருந்த கோபம் எந்த வாளியில் இறங்கிப் போனதென்று தெரியவில்லை.

கடைசி வாளித் தண்ணீரைக் குடத்தில் வாங்கிக்கொண்டவர் பெரியவரின் மகள். முப்பது வயது இருக்கலாம். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டார். அக்கரை என்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தீங்களா என்று என் பனியனைப் பார்த்தார். அந்தக் கோலத்தையும் அவசரத்தையும் அவர் துக்கத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்பது புரிந்தபோது, கிணற்றுக்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

பிறகு அவரே சொன்னார்.

"எங்க நைனாவுக்கு இழுப்பு. ராத்திரி பூரா மூச்சு வுட முடியாம துடிச்சாரு. காலைல அந்தக் கொழலு ஊதுற தட்டு போட்டாங்களே, அது வந்தப்பதான் மூச்சு கொஞ்சம் நெதானமா வந்துச்சு. அது ஏற இவரும் மூச்ச இழுத்தாரு, அது எறங்க இவரும் வுட்டாரு. நான் ஓடிப்போயி, அதையே திருப்பித் திருப்பிப் போடுங்கன்னு கேட்டேன். யாரு தட்டோ, அவங்க நல்லா இருக்கணும்."

அந்த 'அவங்க' நான்தான், காலி வாளியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றுகொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் மைக் செட்காரர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். நாற்பத்தொரு தட்டும் உறைக்குள், வரிசை மாறாமல். அந்தப் பெண் வந்து நின்றபோது, குழாயை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாராம். கேட்டது வேறு என்றதும், பந்தலில் சினிமாப் பாட்டு கேட்டவர்களையெல்லாம் ஃபோர்மேனே அடக்கி வைத்தாராம். நாலாவது தடவை ஓடும்போது இவர் பனைமரத்தில் ஏறி, ஏரிப் பக்கம் பார்த்திருந்த குழாயை அந்த வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறார். எனக்குச் சத்தம் பாதியானதன் காரணம் அதுதான்.

நோட்டை நீட்டும்போது கொஞ்சம் தயங்கினார். இருபத்தாறாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். என் மூன்று பேனாக் கோடுகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் நான்கு கோடுகள், நேராக, ஒரே உயரத்தில். அதற்கப்புறம் பாதி உயரத்தில் ஒன்று.

"அஞ்சாவது வாட்டி பாதிதான் சார் ஓடுச்சு. அத்த ஒண்ணுன்னு எழுதறதா இல்லயான்னு தெரில. தப்பா போட்டுகீறனா?"

தப்பில்லை என்றேன். அவர் போன பிறகும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு அவசரத்திலும், ஒரு வீட்டில் கல்யாணம், இன்னொரு வீட்டில் சாவு, நடுவில் பனைமரம் ஏறி இறங்கிய பிறகும், என் பைத்தியக்கார விதிமுறை ஒன்றைக்கூட அந்த மனிதர் மீறவில்லை. அவர் கை கழுவிவிட்டுத்தான் தொட்டிருப்பார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதன் பிறகு அந்த நோட்டில் நான் கோடு போடவில்லை. கேட்கத் தோன்றும்போதெல்லாம் தட்டை எடுத்து ஓட்டினேன். கேட்டவர்களுக்கும் கொடுத்தேன். சில தட்டுகள் கீறலோடு திரும்பி வந்தன, இரண்டு திரும்பவே இல்லை. அந்த இரண்டுக்கும் இன்றுவரை மாதம் ஒரு தடவை வயிறு எரிகிறது, அதை மறைப்பதற்கில்லை. கடன் கொடுத்த மறுநாள் வாசலில் உட்கார்ந்து வழி பார்க்கிற புத்தியும் போகவில்லை. வாளியை மட்டும் எடுப்பதில்லை.

இப்போது வீட்டில் கேசட்டுகள் நிறைந்துவிட்டன. கண்ணாடிக் கோப்பைப் படம் போட்ட பெட்டியை எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று மனைவி வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பாள். பெட்டியைத் திறந்து இருபத்தாறை ஓட்டிக் காட்டுவேன். நிறையத் தேய்ந்துவிட்டது, குழலுக்குப் பின்னால் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். நான் வாங்கிச் சேர்த்த அத்தனை தட்டுகளிலும் எது முழுசாகப் பயன்பட்டது என்று யாராவது கேட்டால், பாதியில் நின்றுபோன அந்த ஐந்தாவது ஓட்டத்தைத்தான் என்னால் இன்றைக்கும் சொல்ல முடிகிறது.