பன்னிரண்டில் எட்டு

அஸீஸாவுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. சாய்ந்தமருதுக் கடற்கரையோரம், கலியாணத்தின்போது உம்மா கொடுத்த வீடு. இந்தப் பக்கத்தில் வீடென்றால் அது பெண்ணுடையதுதான். ஆண் கட்டின உடுப்போடு வந்து அவள் வீட்டில் குடியேறுவான். மீன் வியாபாரி ஆதம்பாவாவும் அப்படித்தான் அவளிடம் வந்து சேர்ந்தார். 2004ஆம் ஆண்டு கடல் வந்து அந்த வீட்டை அத்திவாரத்தோடு வழித்துக்கொண்டு போனது.

பிறகு மேற்கே வயலோரம் தைக்காப் பள்ளிவாசலின் காணியில் வெளிநாட்டுக்காரர் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பெயரெடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் யாரென்று கேட்டார்கள். இடுப்பில் கைக்குழந்தையாக மகள் ஸப்னாவை வைத்திருந்த அஸீஸா தன் வாயாலேயே புருஷனின் பெயரைச் சொன்னாள். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். பெயருக்குரிய ஆண் மவுத்தானால் வீடு அவருடைய மகனுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் பள்ளிக்குத் திரும்பிவிடும் என்று பள்ளியின் சட்டதிட்டமான யாப்பில் ஒரு விதி எழுதினார்கள். அன்றைக்கு அதை யார் கவனித்தார்கள்? உயிர் மிஞ்சினதே பெரிய காரியமாக இருந்தது.

அஸீஸாவுக்கு மகன் பிறக்கவில்லை. இருபது வருடம் அந்த வீட்டைக் கூட்டி, பூசி, பின்பக்கம் சமைக்கக் குசினி இறக்கி, முற்றத்தில் முருங்கை வைத்து, அது தன்னுடைய வீடு என்றே இருந்துவிட்டாள். ஸப்னாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததும் அந்த வீட்டை நம்பித்தான். மாப்பிள்ளையின் உம்மா றம்ஸியா வந்து அறைகளை எட்டிப் பார்த்து, "போதும் கா, புள்ளைகள் இரிக்கலாம்" என்று சொல்லிப் போன பிறகு, ஒரு நாள் ஐஸ் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்த ஆதம்பாவா அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் அஸீஸா உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக்கூடாது, அந்நிய ஆண்கள் முகத்தில் முழிக்கக்கூடாது. பள்ளி நிர்வாகமும் மரியாதை தெரிந்தது. இத்தா முடியும்வரை வீட்டைப் பூட்டித் திறப்பைத் தரும்படி கேட்கவில்லை. அந்த இடைவெளியில்தான் சிலர் விதியை மாற்ற வேண்டும் என்று கதைத்தார்கள். மகன் இல்லாவிட்டால் மனைவிக்கும் மகளுக்கும் வீடு சேர வேண்டும். ஒரு வரி சேர்த்தால் போதும்.

அந்த ஒரு வரியைச் சேர்க்க, பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஊரில் பன்னிரண்டு குடி, குடிக்கொரு மரைக்கார். குடி தாய் வழியில் வருவது. பிள்ளை எப்போதும் உம்மாவின் குடிதான். மரைக்கார் மவுத்தானால் அந்த இடம் அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும், சொந்த மகனுக்குப் போகாது. மகன் வேறு குடிப் பிள்ளை.

கூட்டம் நடந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சாஜித் வந்தான். அஸீஸாவின் தாய்மாமன் மகன், பள்ளிக்கூட ஆசிரியர், இப்போது அவளுடைய குடிக்கு மரைக்கார். மச்சான் முறை என்பதால் உள்ளே வர முடியாது. வாசல் திரைக்கு வெளியே நின்றுகொண்டே கதைத்தான்.

"மச்சி, இரிக்கீங்களா?"

"இரிக்கன். செல்லுங்க மச்சான்."

"பத்துப் பேர் வந்தாங்க. ஒருத்தர் உம்றாச் செய்ய மக்காவுக்குப் போயிட்டார், ஒருத்தர் ஆஸ்பத்திரியில. எட்டுப் பேர் நமக்குக் கைய உசத்தின. ரெண்டு பேர் எதிர்."

ஸப்னா திரைக்கு இந்தப் பக்கத்தில் உம்மாவின் கையைப் பிடித்தாள். சாஜித்தின் குரலில் சந்தோஷம் இல்லை என்பது அஸீஸாவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"பொறகு?"

"பொறகு எதிர்த்தவர்ல ஒருத்தர் எழும்பி என்னக் கைகாட்டிக் கேட்டார். இவர் ஆர்ட புள்ள, எந்தக் குடி, இவர்ட உம்மாட குடிக்கு அந்தா ஒரு மரைக்கார் இரிக்கார், ஒரு குடிக்கு ரெண்டு கையா எண்டு."

 அந்தக் கேள்விக்கு வழி வைத்தது அஸீஸாதான். ரெண்டு வருடத்துக்கு முன், மரைக்காராக இருந்த மாமா மவுத்தானபோது, குடி ஆட்கள் கூடியது இந்த முற்றத்தில்தான். முறைப்படி இடம் அவளுடைய தம்பி அக்ரமுக்கு. முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன், நாலு பேர் முன்னால் நின்றால் நாக்குக் குழறும். குடிப் பெண்களின் சொல்லும் எடுபடும் அந்தக் கூட்டத்தில் அஸீஸாதான் சொன்னாள்: "அக்ரமுக்குச் சபையில கதைக்கத் தெரியா. சாஜித் மச்சான் படிச்சவர், மாமாட புள்ளதானே, அவர் இரிக்கட்டும்." எல்லாரும் தலையாட்டினார்கள். மாமாவின் மீதிருந்த பாசத்தில் குடி மறந்துபோனது. அக்ரம் பிளேன்ரீயைக் குடிக்காமல் எழும்பிப் போனான். அதற்குப் பிறகு, ஆதம்பாவா மவுத்தான அன்று மையத்தைத் தூக்கத்தான் இந்த வாசலுக்கு வந்தான்.

"என்ட கைய வெட்டிட்டாங்க மச்சி," என்றான் சாஜித். "ஏழாப் போச்சி. அப்பவும் நம்மட ஆக்கள் உடல்ல. வந்தவங்கள்ல ஏழு பேர் எண்டா மூண்டுல ரெண்டுக்கு மேலதானே எண்டு சண்ட புடிச்சாங்க. யாப்புல மூண்டுல ரெண்டு பங்கினர் எண்டு மட்டும்தான் இரிக்கி. ஆர்ட மூண்டுல ரெண்டு எண்டு இல்ல."

"பள்ளித் தலைவர் என்ன சென்ன?"

"பார்லிமெண்டப் பாருங்க எண்டு சென்னார். அங்க அரசியலமைப்ப மாத்துறதெண்டா வராதவனையும் சேத்துத்தான் எண்ணுறாங்களாம். பன்னண்டு பேர்ல எட்டு வேணுமாம். தோத்தத ஒரு வருசத்துக்குத் திருப்பிக் கொண்டுவரவும் ஏலாதாம்."

"உம்றாவுக்குப் போனவர் நமக்கு எதிரா மச்சான்?"

"இல்ல மச்சி. அவர் இருந்தா நமக்குத்தான் உசத்துவார்."

அப்படியென்றால் அல்லாஹ்வின் வீட்டில் துஆக் கேட்டு நின்ற மனிதரின் கையும் இங்கே எதிர்க் கையாக எண்ணப்பட்டிருக்கிறது. அஸீஸா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தான் தேர்ந்தெடுத்த ஆளால் போன ஒரு கை. அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

சேதி ஒழுங்கையைத் தாண்டி ஓட நேரம் எடுக்கவில்லை. றம்ஸியா அடுத்த கிழமை வந்தாள். கதிரையில் உட்காராமலே கதைத்தாள்.

"கோவிக்காதீங்க. என்ட மகன எந்த வீட்டுக்கு நான் அனுப்புற? கூலி வீட்டுக்கா?"

"கொஞ்சம் பொறுங்க. ஒரு வருசம்…"

"ஒரு வருசத்துல இன்னும் ஒருத்தர் உம்றாவுக்குப் போனா?"

கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதனால்தான் அது கூடுதலாகக் குத்தியது.

அக்ரம் அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்தான். தம்பி என்பதால் அவனுக்குத் திரை இல்லை. உள்ளே வந்து நிலத்தில் உட்கார்ந்தான்.

"ராத்தா, எனக்குக் கதைக்கத் தெரியாதுதான்," என்றான். நாக்கு ஒருமுறை தடுக்கி நின்று பிறகு வந்தது. "ஆனா கை ரெண்டும் நல்லாத்தானே இரிக்கி?"

அஸீஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னப் பொறுத்துக்க தம்பி."

"இப்ப பொறுத்து என்ன செய்ய? ஒன்னயும் புள்ளயயும் கூட்டிட்டுப் போக எனக்கெண்டு ஒரு வீடா இரிக்கி? நான் இரிக்கிறதே என்ட பொஞ்சாதி சுல்பிகாட வீட்டுல." குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அவ ஓம் எண்டுட்டா. சாமான் அடுக்கிற அறைய ஒதுக்கித் தாறாளாம். அவட முகத்தப் பாத்து நடந்துக்கணும், அவ்வளவுதான்."

கை உயர்த்தினவர்களும் உயர்த்தாதவர்களும் எல்லாரும் பெண்சாதிமார் வீட்டில்தான் சோறு தின்கிறார்கள். இதைத் தலைவரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமென்று மீதி நாட்களெல்லாம் அஸீஸா மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இத்தா முடிந்து, அக்ரமோடும் ஸப்னாவோடும் திறப்பைக் கொண்டுபோன காலையில் அந்த வார்த்தை வரவில்லை. தலைவர் அப்துல் கபூர் ஹாஜியார் விறாந்தையில் எழும்பி நின்று ஸலாம் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"நான் விரும்பியா செஞ்சன் புள்ள?" என்றார். "இண்டைக்கு ஒனக்கிரங்கி ஏழு போதும் எண்டா, நாளைக்குப் பள்ளிட காணிய விக்கவும் ஏழு பேர் சேந்து வருவானுகள். அப்ப நான் என்னத்தச் செல்லித் தடுக்க?"

"அடுத்த வருசம் பாஸானா, வீடு எனக்குத் திரும்பி வருமா ஹாஜியார்?"

அவர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அது பாஸான நாளிலருந்துதான் செல்லும். பின்னால போகாது."

வரும் மாதமே வேறு குடும்பம் குடியேறப் போகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

முச்சக்கர வண்டியில் சட்டிபானைகளுக்கு நடுவே உம்மாவும் மகளும் நெருங்கி உட்கார்ந்தார்கள். பிரதான வீதியைக் கடக்க நின்றபோது அக்ரம் திரும்பாமலே கேட்டான்:

"குடிக் கூட்டம் வாற வெள்ளிக்கிழம. நான் மரைக்காரா நிக்கவா, வேணாமா ராத்தா?"

லொறி ஒன்று போனது. பின்னால் ஒரு பஸ் போனது.

"நில்லு," என்றாள் அஸீஸா. "நம்மட ஒழுங்கை லைலாட புருசனுக்கு ரெண்டு கிட்னியும் ஏலாம இரிக்கி. அவளுக்கும் மூண்டும் பொம்புளப் புள்ள."

ஸப்னா இத்தனை நாளும் உம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். பானையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"உம்மா, அது அவங்களுக்கு. நமக்கென்ன?"

 சுல்பிகாவின் வீட்டுக்கு இன்னும் இரண்டு ஒழுங்கைதான் இருந்தது. அஸீஸா தலைத் துணியைச் சரிசெய்து, புன்னகை போல ஒன்றை முகத்தில் கொண்டுவரப் பார்த்தாள்.